வெயிலுக்குப் போறதுன்னா பகல்ல போகணும்

நவம்பர் மாசம், சாயங்காலம் நாலரை மணி. நாலரைன்னா நம்ம ஊர் டீக்கடையில வடை போடற நேரம். மில்வாக்கியில அது ராத்திரி. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வெச்ச பிறகு, சூரியன் அதுக்கு முன்னாடியே கடையைச் சாத்திட்டுப் போயிடுது. கேரேஜுக்குள்ள காரை நிறுத்திட்டு, எறங்க மனசில்லாம உக்காந்திருந்தேன். அப்பத்தான் ஏஜென்சிக்காரப் பொண்ணு போன் பண்ணுச்சு.

"நல்ல சேதி! ஹொனலுலு வந்திருக்கு. ஜனவரி முதல் வாரம் ஆரம்பம், பதிமூணு வாரம். கார்டியாக் டெலிமெட்ரி. உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி!"

"பகலா, ராத்திரியா?"

ரெண்டு செகண்ட் சத்தமே இல்ல. "நைட் ஷிஃப்ட்தான்... ஆனா ஹொனலுலு!"

ரெண்டு நாள்ல சொல்றேன்னு வெச்சுட்டேன். அந்த ரெண்டு நாள் எங்க வீட்டுல நடந்த பஞ்சாயத்தைத்தான் இப்போ சொல்லப்போறேன். யூனிட்ல நாலு பேர் ஏற்கெனவே "குளிருக்கு எங்க போகலாம், நீதான் ஒருதடவை போயிட்டு வந்தியே"ன்னு கேட்டாச்சு. ஆளாளுக்குத் தனித்தனியா சொல்றதுக்கு ஒரே இடத்துல கொட்டிடறேன்.

முதல்ல, டிராவல் நர்ஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. (எங்க சித்தப்பா "பிளேன்ல வேலையா மக்ளே?"ன்னு கேட்டார்.) அமெரிக்காவுல ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆள் பத்தலைன்னா, ஏஜென்சி மூலமா வெளியூர்ல இருந்து நர்ஸைக் கொஞ்ச காலத்துக்குக் கூட்டிக்குவாங்க. வழக்கமா 13 வாரம். வாரத்துக்கு மூணு ஷிஃப்ட், ஒவ்வொண்ணும் 12 மணி நேரம். சம்பளத்துல ஒரு பகுதி மணிக்கணக்குக் கூலி, இன்னொரு பகுதி தங்கறதுக்கும் சாப்பாட்டுக்கும் குடுக்கற ஸ்டைபெண்ட். சொந்த ஊர்ல ஒரு வீட்டுக்கும் செலவு பண்ணிக்கிட்டு, வேலை செய்யற ஊர்லயும் செலவு பண்றவங்களுக்கு அந்த ஸ்டைபெண்டுக்கு வரி கிடையாது. நம்ம ரங்கமணி இங்கயே இருந்து வீட்டுக் கடன் கட்டிக்கிட்டு, தோசை சுட்டுத் தின்னுக்கிட்டு இருக்கறதால எனக்கு அந்தச் சலுகை நியாயமாவே கெடைக்குது. வீட்டைக் காலி பண்ணிட்டு ஊர் ஊரா சுத்தறவங்களுக்கு அது கெடையாது. ஏஜென்சி இதையெல்லாம் உக்காந்து வெளக்கும்னு எதிர்பாக்காதீங்க.

2021, 22ல வாரத்துக்கு 5000 டாலருக்கு மேல குடுத்த காண்ட்ராக்ட்டுகள் இருந்துச்சு. அது கோவிட் காலத்துப் பணம். இப்போ அதை மனசுல வெச்சுக்கிட்டு கெளம்பினா ஏமாந்துதான் போவோம்.

சரி, எனக்கு எதுக்கு வெயில்?

நான் நாகர்கோவில்காரி. 2006 டிசம்பர்ல ரங்கமணிகூட இங்க வந்து எறங்கினேன். ஜனவரியில இங்க பகல் உச்ச வெப்பமே சராசரியா பூஜ்யத்துக்கும் ஒரு டிகிரி கீழ. ஆனா குளிர் என்னை ஒண்ணும் பண்ணலை. குளிருக்குக் கோட்டு இருக்கு. இருட்டுக்கு என்னத்தைப் போட்டுக்கறது? டிசம்பர் கடைசியில இங்க பகல் மொத்தமே ஒம்போது மணி நேரம். காலைல ஆறேகாலுக்குக் கெளம்பும்போதும் இருட்டு, ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பும்போதும் இருட்டு. யூனிட்ல எனக்கு வர்ற ரூமுங்களுக்கு ஜன்னல் உண்டு. அந்த ஜன்னல்ல தெரியறது பார்க்கிங் கட்டடத்தோட சுவர்.

பதினஞ்சு வருஷம் தாங்கினேன். 2022 ஜனவரியில ஒருநாள் ஷிஃப்ட் முடிஞ்சு கார்ல ஏறி உக்காந்தவ, சாவியைத் திருப்பாம நாப்பது நிமிஷம் அப்படியே இருந்தேன். அழுகை இல்லை, கோபம் இல்லை, ஒண்ணுமே இல்லை. செக்யூரிட்டிக்காரர் கண்ணாடியைத் தட்டினார். டாக்டர்கிட்ட போனப்போ, குளிர்காலத்துல வர்ற டிப்ரெஷன்னு சொன்னாங்க. 1984ல நார்மன் ரோசென்தால்னு ஒரு மனநல மருத்துவரும் அவர் குழுவும் முதன்முதலா விவரமா எழுதின விஷயம் அது. அவரே வெயில் அடிக்கற தென்னாப்பிரிக்காவுல பொறந்து அமெரிக்கா வந்தவர்தான். ஆளுக்கு அனுபவம் இருந்திருக்கும்!

பத்தாயிரம் லக்ஸ் வெளிச்சம் குடுக்கற ஒரு பொட்டியை வாங்கி, காலைல அரைமணி நேரம் அது பக்கத்துல உக்காரச் சொன்னாங்க. அம்மாகிட்ட சொன்னேன்.

"வெயில் இல்லாததுக்கு ஒரு தீனமா? இங்க வெயிலாலதான் மக்ளே தீனம். பேசாம இங்க வந்திரு, முத்தத்துல சும்மா கெடக்கு வெயிலு, எடுக்க ஆளில்லாம."

வாஸ்தவம்தான். ஆனா நாகர்கோவில் வெயிலுக்குச் சம்பளம் கெடையாதே. பொண்ணு காலேஜ் ஃபீஸ் இருக்கு, இன்ஷூரன்ஸ் இருக்கு. பொட்டி நல்லாவே வேலை செஞ்சுது, பொய் சொல்லக் கூடாது. (இந்த மாதிரி இருக்கறவங்க முதல்ல டாக்டரைப் பாருங்க. ஊர் மாறினா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்ல வரலை.) ஆனா ஒரே ஒரு குளிர்காலமாவது நெஜ வெயில்ல இருக்கணும்னு ஆசை வந்துடுச்சு. பொண்ணும் காலேஜுக்குப் போயாச்சு. 2023 ஜனவரியில மயாமிக்குக் கெளம்பிட்டேன்.

இனிமே கொஞ்சம் கொசுவத்தி சுத்தறேன்.

மயாமியில அப்போ பகல்ல 24, 25 டிகிரி. அங்க குளிர்காலம்தான் மழையில்லாத காலம். புயல் காலம் நவம்பர் 30ஓட முடிஞ்சுடும். வானம் கழுவித் தொடைச்ச மாதிரி இருக்கும். கடல் நீலம்னா அப்படி ஒரு நீலம். இதெல்லாம் நான் வேலைக்குச் சேர்றதுக்கு முந்தின ரெண்டு நாள்ல பாத்தது.

அப்புறம் நைட் ஷிஃப்ட். காண்ட்ராக்ட்டுல கையெழுத்துப் போடும்போது ஊர் பேரைப் பாத்தேன், சம்பளத்தைப் பாத்தேன், ஷிஃப்டைப் பாத்தும் பாக்காத மாதிரி விட்டுட்டேன். "ராத்திரி வேலை, பகல் முழுக்க பீச்!"னு ஏஜென்சியில சொன்னாங்க. பகல் முழுக்க பீச்சுல இருந்தா எப்போ தூங்கறது? காலைல ஏழரைக்கு ரிப்போர்ட் குடுத்துட்டு வெளில வந்தா வெயில் மூஞ்சியில அறையும். கண்ணு கூசும். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, ரூமுக்குப் போய், ஜன்னல்ல கறுப்புத் துணியை மாட்டிட்டுப் படுப்பேன். எந்திரிக்கும்போது மணி மூணு, மூணரை. குளிச்சு, சமைச்சு, டப்பா கட்டினா ஆறு மணி சுமாருக்கு அங்கயும் சூரியன் போயிடும். வெயிலைத் தேடி ஆயிரத்து நானூறு மைல் வந்து, வெயில் உள்ள வராம இருக்க நாப்பது டாலருக்குத் திரை வாங்கினவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

ஆஸ்பத்திரி நெலமை வேற. குளிர்காலத்துல வடக்கு மாநிலங்கள்ல இருந்து பெரியவங்க லட்சக்கணக்குல ஃப்ளோரிடாவுக்கு வந்துடுவாங்க. "ஸ்னோ பேர்ட்ஸ்"னு பேரு, நம்ம வேடந்தாங்கல் மாதிரி. நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் அங்க ஆஸ்பத்திரிகள் நெரம்பி வழியறதும், நமக்கு அங்க வேலை கெடைக்கறதும் அவங்களாலதான். வாடகை ஏறி உச்சத்துல நிக்கறதும் அவங்களாலதான். யாரு வெயிலுக்காக வந்தாங்களோ அவங்களைப் பாத்துக்கத்தான் நாமளும் வெயிலுக்குன்னு போறோம். வெயில் என்னவோ அவங்களுக்கு, ராத்திரி நமக்கு. எனக்கு ஒரு ராத்திரிக்கு ஆறு பேஷண்ட், எல்லாரும் ஹார்ட் மானிட்டர்ல. எந்த யூனிட்ல ஆள் கொறைஞ்சாலும் முதல்ல ஃப்ளோட் ஆகறது வெளியூர்க்காரிதான்.

அங்க ஒருத்தர் இருந்தார், எண்பதைத் தாண்டினவர். இதயம் பலவீனம், கால்ல நீர். எங்க இருந்து வர்றேன்னு கேட்டார். மில்வாக்கின்னேன். "ஓ, நீயும் ஓடி வந்துட்டியா?"ன்னு சிரிச்சார். அவரும் விஸ்கான்சின். முப்பது வருஷமா பொண்டாட்டியோட சேர்ந்து வந்துக்கிட்டு இருந்தவர், அந்த வருஷம்தான் தனியா வந்திருக்கார். பிள்ளைங்க எல்லாம் வடக்கே. அவர் ரூம் மேற்குப் பாத்த ரூம். மத்தியானம் முழுக்க நாற்காலியை ஜன்னல்கிட்ட போடச் சொல்லி உக்காந்திருப்பாராம். ஏழு மணிக்கு நான் உள்ள போகும்போது வெளிய இருட்டிடும். பிரஷர் பாத்துக்கிட்டே "இன்னைக்கு எப்படி இருந்துச்சு?"ன்னு கேப்பேன். தன்னோட உடம்பைப் பத்திச் சொல்ல மாட்டார், வெயிலைப் பத்திச் சொல்லுவார். "மூணு மணிக்கு ஒரு மேகம் வந்தது, அப்புறம் போயிடுச்சு. அஞ்சேகாலுக்கு எல்லாமே ஆரஞ்சு." பதினோரு ராத்திரி அவரைப் பாத்தேன். பதினோரு நாள் மயாமி வெயிலை அவர் வாயாலதான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

பிப்ரவரியில ஒருநாள். காலைல படுத்து, போனை சைலண்ட்ல போட்டுட்டுத் தூங்கிட்டேன். மூணு மணிக்கு எந்திரிச்சா பதினேழு மிஸ்டு கால். எல்லாம் அண்ணன். அம்மா குளிமுறியில வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்கு. அங்க ராத்திரி எட்டரைக்கு, எனக்குக் காலை பத்து மணிக்கு. நான் திருப்பிக் கூப்பிடும்போது ஊர்ல ராத்திரி ஒண்ணரை. அம்மா ஆஸ்பத்திரியில மருந்துல தூங்கியாச்சு, மறுநாள் ஆப்பரேஷன்னு முடிவாயாச்சு. மதினிதான் போனை எடுத்தா. "வலியில ஒன்னத்தான் கூப்பிட்டாவ"ன்னா. அவ்வளவுதான் சொன்னா, குத்திக் காட்டல்லாம் இல்லை.

முழிச்சிருந்தாலும் நான் ஒண்ணும் கிழிச்சிருக்க முடியாது, தெரியும். எக்ஸ்ரேயைப் பாத்திருப்பேன், டாக்டர்கிட்ட நாலு கேள்வி கேட்டிருப்பேன், அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவ்வளவுதான். அம்மா இப்போ வாக்கரோட நடமாடறாங்க. ஆனா அந்த அஞ்சு மணி நேரத்தை நான் இன்னும் மறக்கலை.

மார்ச் கடைசியில மில்வாக்கிக்குத் திரும்பினப்போ யூனிட்ல ஒருத்தி கேட்டா, "என்ன, கொஞ்சம்கூட கறுக்கலையே?" நான் எப்படிம்மா கறுக்கறது, ஏற்கெனவே நாகர்கோவில் கலரு :-) ஆனா அவ சொன்னதுல விஷயம் இருந்துச்சு. பதிமூணு வாரத்துல பீச்சுக்குப் போனது நாலு தடவை.

இப்போ என் கணக்கைச் சொல்றேன். 13 வாரம்னா 91 நாள். அதுல 39 ஷிஃப்ட். பாக்கி 52 நாள். பகல் ஷிஃப்ட்ல வேலை நாள்ல எந்த ஊர்லயும் வெயில் கெடைக்காது. ஜனவரியில ஹொனலுலுவுலயே சூரியன் உதிக்கறது காலை ஏழு மணிக்கு மேல, மறையறது சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு. ஏழுலேர்ந்து ஏழுன்னா மொத்தமா போச்சு. ஆனா அந்த 52 நாளும் முழுசா நம்மது. நைட் ஷிஃப்ட்ல அப்படி இல்லை. கடைசி ராத்திரி முடிஞ்ச அன்னிக்குத் தூக்கம், மறுபடி ஆரம்பிக்கற அன்னிக்கு மத்தியானம் தூக்கம், நடுவுல இருக்கற நாள்லயும் பாதி நேரம் பேய் முழி. எனக்கு நெஜமா கெடைச்சது முப்பது நாள்கூட இல்லை. அதனால ஊர் எதுங்கறது ரெண்டாவது கேள்வி. ஷிஃப்ட் எதுங்கறதுதான் முதல் கேள்வி. எல்லாரும் இதைத் தலைகீழாக் கேக்கறோம்.

எங்க யூனிட் மலையாளி சேச்சி இதை ஒத்துக்க மாட்டாங்க. இருவது வருஷமா நைட் பாக்கறவங்க. "எனிக்கு ராத்திரியாணு பகல்"னு சொல்லிட்டு, காலைல பத்து மணி வரைக்கும் வெயில்ல நடந்துட்டு அப்புறம் தூங்குவாங்க, தூக்கமும் வரும். அவங்க எங்க வேணா போகலாம். நான் என்னை மாதிரி, ராத்திரியில பாதி செத்துப்போற ஜென்மங்களுக்குத்தான் சொல்றேன்.

இப்போ ஊர்களுக்கு வருவோம். ஹொனலுலுவை வேண்டாம்னு சொல்ல எனக்கு ஆசையா என்ன? ஜூலையிலேயே ஹவாய் லைசென்ஸுக்கு மனுப் போட்டு வாங்கி வெச்சிருந்தேன். இது முக்கியம், கேட்டுக்கோங்க. விஸ்கான்சின், ஃப்ளோரிடா, டெக்சாஸ் எல்லாம் நர்ஸ் லைசென்ஸ் ஒப்பந்தத்துல இருக்கற மாநிலங்கள். ஒரு இடத்துல நிரந்தரமா இருந்துக்கிட்டு பல மாநில லைசென்ஸ் வாங்கினா, மத்த இடத்துலயும் அது செல்லும். ஹவாய், கலிஃபோர்னியா அதுல இல்லை. தனியா மனுப் போடணும், மாசக்கணக்குல முன்னாடியே போடணும். டிசம்பர்ல குளிர் தாங்காம முழிச்சுக்கிட்டு "எனக்கு ஹவாய் வேணும்"னா நடக்காது.

ஜனவரியில ஹொனலுலு 27 டிகிரி. மழைக்காலம்தான், ஆனா நாள் முழுக்க ஊத்தற மழை அபூர்வம். திமிங்கலம் வர்ற காலமும் அதுதான். நர்ஸுங்கள்ல ஃபிலிப்பினோக்காரங்க நெறைய, 1906ல கரும்புத் தோட்டத்துக்கு வந்தவங்க வழியில ஆரம்பிச்ச கூட்டம். அவங்க புண்ணியத்துல முருங்கைக்கீரை தாராளமா கெடைக்கும். அதைவிடப் பெரிய ஆசை ஒண்ணு. அரைமணி நாப்பது நிமிஷம் பிளேன்ல போனா கவாய் தீவு. அங்க 1970ல சிவாய சுப்பிரமுனியசுவாமி ஆரம்பிச்ச ஆதீனம் இருக்கு. யாழ்ப்பாணம் யோகசுவாமிகளைக் குருவாக் கொண்ட அமெரிக்கர் அவர். பெங்களூர் பக்கம் கையாலேயே செதுக்கின கருங்கல்லைக் கப்பல்ல கொண்டுபோய்க் கட்டின இறைவன் கோயிலுக்கு 2023 மார்ச்ல கும்பாபிஷேகம் ஆச்சு. பசிபிக் நடுவுல சோழர் பாணிக் கோயில்! போகாம இருக்க முடியுமா? ஒருநாள் போவேன்.

ஆனா ராத்திரி ஷிஃப்ட். காலை ஏழரைக்கு வேலை முடிச்சா ஊர்ல ராத்திரி பதினொண்ணு. நான் பதினோரு மணிக்குக் கூப்பிட்டா அம்மாவுக்கு "என்னமோ ஆயிட்டு"ன்னு நெஞ்சு அடிச்சுக்கும். ஷிஃப்டுக்கு முன்னாடி அஞ்சு மணிக்குக் கூப்பிட்டா அங்க எட்டரை, ஆனா எனக்கு அது ஓட்டமான நேரம்.

கீ வெஸ்ட் கேட்டுப் பாத்தேன். உறைபனியே பதிவாகாத ஊர். ஆனா இருக்கறது கடலுக்கு நடுவுல ஒரு துண்டு நெலம். சீசன்ல தங்க எடம் கெடைக்கறதுக்கு லாட்டரி அடிக்கணும். விட்டுட்டேன். சான் டியேகோன்னு ஒருத்தி சொன்னா. அழகான ஊர், ஆனா வெப்பமண்டலம் இல்லை, ஜனவரி ராத்திரிக்கு ஸ்வெட்டர் வேணும். ஒரு விஷயத்துக்காக மட்டும் அதைப் பாக்கலாம்: கலிஃபோர்னியாவுல 2004ல இருந்து ஒரு நர்ஸுக்கு எத்தனை பேஷண்ட்னு சட்டமே இருக்கு. டெலிமெட்ரியில நாலு. ஃப்ளோரிடாவுல அப்படிச் சட்டம் எதுவும் கெடையாது. அதனால அங்க போறவங்க வாயைத் திறந்து எண்ணிக்கையைக் கேட்டு வாங்கணும்.

நான் கேட்டேன். இன்னொரு ஏஜென்சியைக் கூப்பிட்டு, "தென் ஃப்ளோரிடா, பகல் ஷிஃப்ட், ஊர் எதுவானாலும் பரவாயில்லை"ன்னேன். மறுநாளே ஃபோர்ட் மயர்ஸ்னு வந்துச்சு. அஞ்சு பேஷண்ட். ஃப்ளோட் பண்ணினா கார்டியாக் யூனிட்களுக்குள்ள மட்டும்னு எழுத்துல. ரெண்டு வாரத்துக்கு ஒரு ஷிஃப்டுக்கு மேல கேன்சல் பண்ணக் கூடாதுன்னும் எழுத்துல. (இந்தக் கடைசி வரி இல்லாத காண்ட்ராக்ட்டை வாங்காதீங்க. பேஷண்ட் கொறைஞ்சா முதல்ல நம்மளைத்தான் "இன்னைக்கு வராதே"ம்பாங்க. வாடகைக்காரன் அப்படிச் சொல்ல மாட்டான்.)

அப்புறம் நம்ம ரங்கமணி எக்ஸெல்லைத் தெறந்தார். ஹொனலுலு வாரத்துக்கு 2750, ஃபோர்ட் மயர்ஸ் 2150. "அறுநூறு டாலர் வித்தியாசம், பதிமூணு வாரம், யோசிச்சுப் பாரு!" யோசிச்சோம். ஹொனலுலுவுல நான் பாத்து வெச்சிருந்த ஸ்டூடியோ மூணு மாசத்துக்கு 8700. கார் வாடகை 3300. பிளேன் 900. ஃபோர்ட் மயர்ஸ்ல ஒரு ரிட்டயர்டு தம்பதி வீட்டு மாடியறை மூணு மாசத்துக்கு 5100. சொந்தக் கார்லயே போயிடலாம், பெட்ரோல், வழியில மோட்டல், போக வர 600. கழிச்சுப் பாத்தா, வரிக்கு முன்னால ஹொனலுலுவுல மிஞ்சறது 22,850. ஃபோர்ட் மயர்ஸ்ல 22,250. மூணு மாசம் ராத்திரி முழிக்கறதுக்கு மொத்தக் கூலி 600 டாலர். ரங்கமணி எக்ஸெல்லை மூடிட்டார்.

வரின்னதும் ஞாபகம் வருது. ஃப்ளோரிடாவுல மாநில வருமான வரி இல்லைன்னு குதிக்கறவங்களைப் பாத்திருக்கேன். நிரந்தர வீடு விஸ்கான்சின்ல இருந்தா, எங்க சம்பாதிச்சாலும் விஸ்கான்சின் கையை நீட்டும். அந்த லாபம் ஃப்ளோரிடாவுலயே குடியிருக்கறவங்களுக்கு.

ஃபோர்ட் மயர்ஸ் ஒண்ணும் சொர்க்கம் இல்லை. 2022 செப்டம்பர் 28ல இயன் புயல் அடிச்சு, அந்தக் கடற்கரையையே தொடைச்சுப் போட்ட ஊர். வெப்பமண்டலத்தோட விளிம்புல இருக்கு, ஜனவரியில சில ராத்திரி 12 டிகிரிக்கு எறங்கும். மயாமி மாதிரி ராத்திரிக் கூத்தெல்லாம் கெடையாது, எனக்கும் அது வேண்டாம். ஃப்ளோரிடாவோட மேற்குக் கரைக்கு வர்றவங்கள்ல மத்திய மேற்கு மாநிலத்துக்காரங்க அதிகம், அதனால இங்க டிஸ்சார்ஜ் பண்ணின தாத்தாவை அங்க அட்மிஷன்ல பாத்தாலும் ஆச்சரியம் இல்லை. ஒரு சுவாரசியம்: பல்பு எடிசன் இருக்காரே, அவர் 1885ல அங்க எடம் வாங்கி, அடுத்த வருஷம் குளிர்கால வீடு கட்டினவர். உலகத்துக்கே வெளக்கு ஏத்தின மனுஷனுக்கும் குளிர்காலத்துல நெஜ வெயில் தேவைப்பட்டிருக்கு பாருங்க. பக்கத்து வீட்டை 1916ல ஹென்றி ஃபோர்ட் வாங்கினார். அந்தத் தோட்டத்துல 1920கள்ல நட்ட ஒரு ஆலமரம் இப்போ ஒரு ஏக்கர் கிட்ட விழுது விட்டுப் பரந்து நிக்குது. நம்ம ஊர் ஆலமரம். 52 நாள்ல முதல் நாள் அங்கதான் போய் உக்காரப் போறேன்.

பகல் ஷிஃப்ட் முடிஞ்சு ஏழரைக்கு வெளில வந்தா ஊர்ல காலை ஆறு மணி. அம்மா அஞ்சுக்கே எந்திரிச்சு, காப்பி குடிச்சிட்டு, வாக்கரைப் பக்கத்துல நிறுத்திக்கிட்டுத் திண்ணையில இருப்பாங்க. ராத்திரி போன் என் தலைமாட்டுல, சத்தமா.

ஏஜென்சிப் பொண்ணுக்கு "ஹொனலுலு வேண்டாம், பகல் ஷிஃப்ட் வந்தா கூப்பிடு"ன்னு சொன்னதும், அது நம்பவே இல்லை. "ஆனா ஹொனலுலு..."ன்னு மூணு தடவை இழுத்துச்சு. சின்னப் பொண்ணு, பாவம். அது சொல்றதும் நெசம்தான், ஹொனலுலு ஹொனலுலுதான்.

அம்மாகிட்ட சொன்னேன். "அங்க வெயிலு உண்டா?"ன்னாங்க. உண்டும்மான்னேன். "அப்போ ஒரு முருங்கைக் கம்பு நட்டிரு, மூணு மாசத்துல கீரை பறிக்கலாம்." வீட்டுக்காரத் தம்பதிகிட்ட கேக்கணும். கறிவேப்பிலைக் கன்னும் அங்க நல்லா வளருமாம், ஆனா திரும்பும்போது கொண்டு வர முடியாது. எலுமிச்சை, ஆரஞ்சை அழிக்கற பூச்சி அதுலயும் தங்கும்னு ஃப்ளோரிடாவை விட்டு வெளிய எடுத்துட்டு வர விட மாட்டாங்க. ஜனவரி மூணாம் தேதி காலைல கெளம்பறேன். அதுக்குள்ள ரங்கமணிக்கு ஸ்னோ ப்ளோயரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் குடுக்கணும். பத்தொம்போது வருஷமா அது என் வேலை.